சிவப்பு மையால் திருப்பிய நூலக அட்டை

பிறர் துன்பத்தைப் பிள்ளைகள் உணர வேண்டுமென்று கதைநூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஒருவன், கண்ணெதிரே இருந்த துன்பத்தைக் குறையுள்ள விண்ணப்பமாகக் கருதித் திருப்பி அனுப்பினான். அவன் நான்தான். பள்ளி நூலகங்களில் பணியாற்ற முன்வருவோர் என் பிழையை அறிந்திருப்பது நல்லது. அதனால் இதனை எழுதிவைக்கிறேன்.

நடுவண் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தில்லியில் தமிழ் கற்பிக்கும் பள்ளி ஒன்றின் நூலகத்தை வாரம் மூன்று நாள் கவனித்து வந்தேன். மாணவர் பெரும்பாலோர் அரசுக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். சிலர் மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். கடலோரச் சிறுமி, சக்கர நாற்காலியில் பள்ளி செல்பவன், நோன்பிருக்கும் வீட்டுப் பிள்ளை எனப் பல வாழ்க்கைகளைச் சொல்லும் படநூல்களை அங்கே சேர்த்தேன். வெள்ளிதோறும் ஐந்தாம் வகுப்பினருக்கு அவற்றுள் ஒன்றை உரக்கப் படிப்பேன்.

நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அட்டை வேண்டும். அட்டையில் முகவரி வேண்டும். குடியிருப்புப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிளாக்கையும் வீட்டெண்ணையும் பிசகாமல் சொல்வார்கள். ஓர் ஆண்டு கோடையில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. விடுமுறைக்குப் பின் அட்டைகளைப் புதுப்பித்தபோது, ஒரு மாணவியின் அட்டையில் 'மதராசி கேம்ப்' என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அதன்கீழே ஒன்றுமில்லை. ஆயுள் முழுதும் கோப்புகளில் பழகிய என் கை, 'முகவரி முழுமையில்லை' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பியது. அவள் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் சென்றன. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு சிறுமியின் கதையை அன்று படித்துவிட்டு, "இப்பெண்ணுக்கு நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல ஒரு ரூம் குடுப்பேன் சார்" என்றான் ஒருவன்.

"உங்க வீட்ல ரூம் ஏதுடா? பால்கனியில படுக்க வைப்பியா?" என்றான் அடுத்தவன். வகுப்பு சிரித்தது.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழியைக் காட்டி, "புக்ல இருக்கறவளுக்கு எல்லாம் குடுக்கறோம் சார். இவளுக்கு நீங்க கார்டே குடுக்கலையே?" என்றாள்.

"சும்மா இருடீ" என்று தோழி அவள் கையைத் தட்டிவிட்டாள். நான் அட்டையைத் திருப்பிய மாணவி அவள்தான்.

முகவரி எழுதாத காரணத்தை அவளிடம் கேட்டேன். "வீடு மாறிட்டே இருக்கு சார். முதல்ல சித்தி வீடு, இப்ப அத்தை வீடு. ஒரு இடம் நிலைச்சதும் எழுதித் தரேன். பரவால்ல, பீரியடுக்குள்ளயே படிச்சு முடிச்சிடறேன். படம் பார்க்கத்தான் நேரம் பத்தல."

அவளிடம் அட்டையைக் கேட்டேன். மடங்காமல் பையில் இருந்தது. எல்லார் முன்னும் பிழை என்னுடையது என்று சொல்லி, சிவப்பு வரியை அடித்துவிட்டு, முகவரிக்குரிய இடத்தில் 'இப்பள்ளி நூலகம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் படித்துப் பார்த்தாள். "அச்சா சார், நான் லேட்டாத் திருப்பிக் குடுத்தா புக் எங்கேன்னு கேக்கற லெட்டர் இங்கதானே வரும்?"

"வரும். நான்தான் பிரித்துப் படிக்க வேண்டும்" என்றேன். இம்முறை முன்வரிசைச் சிறுமியும் சிரித்தாள்.

வெள்ளக் கதையையே அன்று எடுத்துச் சென்றாள். அடுத்த வெள்ளியன்று திருப்பித் தரும்போது, "கடைசிப் பக்கத்துல புது வீடு வந்துடுது சார். அதுவரைக்கும் எங்க இருந்தாங்கன்னு ஒரு படம்கூட இல்லையே" என்றாள். அந்த இடைக்காலத்தை வரைந்த படநூலை அன்றுமுதல் தேடுகிறேன். தமிழில் ஒன்றும் என் கைக்கு எட்டவில்லை.

நினைவிலிருந்து எழுதியதால் பேச்சின் முன்பின் மாறியிருக்கலாம். அன்று வகுப்பில் இருந்தவர்கள் திருத்தியருளுக. அந்த இடைக்காலத்தை வரைந்த தமிழ்ப் படநூல் உண்டென்று அறிந்த வாசகர், என் பிழைகளுள் அது கிடைக்கவில்லை என்று எழுதியதையே முதலில் திருத்துமாறு வேண்டுகிறேன்.