ஊட்டியில் வேகாத துவரம்பருப்பு

யுத்தம் முடிந்த மறு வருஷம், மே மாதம், நாங்கள் ஊட்டிக்குப் போனோம். மயிலாப்பூர் வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் என் மன்னி. மன்னி என்றால் என் கணவருடைய அண்ணாவின் மனைவி, மாம்பலத்தில் இருந்தாள். முந்தின கோடையில் ஊட்டிக்குப் போய் வந்தவள், அப்புறம் வாயைத் திறந்தால் ஊட்டிதான். ஏரியாம், மலையாம், பூந்தோட்டமாம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு வாரமும் ஓட்டல் வாசலை மிதிக்காமல், அந்தக் குளிரில் தினம் சாம்பார் வைத்தாளாம். அந்தச் சாம்பாரை ஒரு சொட்டுக்கூடச் சாப்பிடாத என் கணவர், நான் பரிமாறும்போதே, "மன்னி கைமணம் யாருக்கு வரும்!" என்பார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

சென்ட்ரலுக்கு ஜட்கா வண்டிக்காரன் ஒரு ரூபாய் கேட்டான். "ஊட்டிக்கா போறீங்கோ? அங்க குளுரு எலும்ப ஒடைச்சுடும்னு சொல்லிக்கினாங்கோ. கம்பளி கீதாம்மா?" என்றான். கம்பளி இருந்தது. அதைவிடப் பத்திரமாக, கோணிப்பையில் அரிசியும் துவரம்பருப்பும் இருந்தன.

சாயங்காலம் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயிலுக்கு மாற வேண்டும். இருபத்தெட்டு மைல்தான், ஆனால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. பல்சக்கரம் தண்டவாளத்தைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. பள்ளத்தாக்கு, அருவி, தேயிலை எல்லாம் கண்ணுக்கு விருந்து. "மன்னி சொன்னாளே, இதுதான் அந்த அருவி!" என்று இவர் ஜன்னலில் தொங்கினார். நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

மன்னி தங்கின வீட்டிலேயே ஒரு அறையும் சமையலறையும் எடுத்திருந்தோம். வாரத்துக்கு இருபது ரூபாய். போய்ச் சேர்ந்ததும் குளிக்காமல்கூட பருப்பை ஏற்றினேன். தண்ணீர் கொதிக்கிறது, கொதிக்கிறது, பருப்பு அப்படியே கிடக்கிறது. விறகைத் தள்ளித் தள்ளி என் கண்தான் வெந்தது. இருட்டின பிறகு அதையே புளியில் விட்டுக் கொதிக்க வைத்துப் போட்டேன். இவர் ஒரு வார்த்தை பேசாமல் கறக் கறக்கென்று மென்று சாப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. மனசுக்குள் மன்னியை நினைத்துக்கொள்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரி. "ஏனுங்க, தொவரம்பருப்பா வெச்சீங்க? இந்த ஒசரத்துல அது லேசுல வேகாதுங்க. போன வருசம் உங்க மாம்பலத்து அம்மாவும் மொத நாளே சலிச்சுப்போயி, தெனமும் ஓட்டல்ல இருந்து தூக்குல சாம்பார் வாங்கிட்டு இருந்தாங்கல்லோ!"

ஆஹா! அப்போதுதான் எனக்கு ஊட்டி அழகாகத் தெரிந்தது. ஏரியைச் சுற்றி நடந்தோம், காலில் வலியே இல்லை. பூந்தோட்டத்தில் புல்வெளி மெத்தையாக இருந்தது. தொட்டபெட்டா உச்சியில் மேகம் மூடி எதிரில் நின்ற இவர் முகம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. மன்னிக்கு மட்டும் சமவெளி வரைக்கும் தெரிந்ததாமே, அதற்காகக் கொஞ்சம் எரிந்தேன். ஆனால் தூக்கு விஷயத்தை இவரிடம் மூச்சு விடவில்லை. மாம்பலத்தில் நாலு பேர் நடுவில் அவிழ்க்க வைத்திருந்தேன்.

போகிறவர்களுக்கு: தொட்டபெட்டாவுக்கு விடியற்காலையில் கிளம்புங்கள், நேரமானால் மேகம். குன்னூரில் இறங்கி அங்கே இருக்கிற பூங்காவையும் பாருங்கள், கூட்டம் குறைவு. பயத்தம்பருப்பு எடுத்துப் போங்கள், அது எப்படியும் வெந்துவிடும். இப்போது குக்கர் வந்துவிட்டது, உங்களுக்குக் கவலை இல்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் சாப்பாடு. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்து, நான் நெய் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே மன்னி ஆரம்பித்தாள். "ஏண்டி, ஊட்டில பருப்பு வெந்துதோ?"

வேகாது என்று தெரிந்தேதான் கேட்கிறாள்! "வெண்ணெயா வெந்துது மன்னி," என்றேன்.

மன்னி முகம் சுண்டிப்போயிற்று. பொய் என்று சொன்னால் அவள் சாம்பாரும் பொய்யாகிவிடுமே. அவளோடு ஊட்டிக்குப் போயிருந்த இவருடைய அண்ணா இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவளும் விடவில்லை, என் கணவர் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. நெஜமாவே வெந்துதா?"

சாப்பிட்ட மனுஷர் இவர்தான். மன்னியிடம் பொய் பேசி நான் பார்த்ததில்லை. போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று தூக்கு விஷயத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன்.

இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அந்த மாதிரி சாம்பார் நான் சாப்பிட்டதே இல்லை மன்னி. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டேன்."

தூக்கு விஷயத்தை அப்படியே விழுங்கிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டேன்.