விடுபட்ட துடிப்புகள்

போன வாரம் மருத்துவமனையில் எனக்கு இசிஜி எடுத்தார்கள். இயந்திரத்திலிருந்து நெளிந்து வந்த தாளைப் பார்த்ததும் என் இதயத்தை மறந்து நாகரத்தினம் அக்காவை நினைத்துக்கொண்டேன். "ஆடாம படும்மா" என்று நர்ஸ் அதட்டினாள்.

எண்பதுகளில் ஓசூரில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. மத்திகிரியில் அக்காவும் நானும் ஒரே வாடகை வீடு. அவருக்குச் சூளகிரிப் பக்கம் தக்காளி போடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கர்நாடகத்தில் ஒரு பொட்டல்வெளியில் நின்ற ஆண்டெனாக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நியூட்ரான் நட்சத்திரம் ரேடியோ அலை அனுப்புகிறது என்று அவர் சொன்னபோது, "என்ன பாட்டுக்கா போடுறாங்க?" என்று கேட்டவள் நான். அவர் சிரிக்கவில்லை. செத்துச் சுருங்கிய நட்சத்திரம் சுழலும்போது சுற்றுக்கு ஒரு துடிப்பு நம் பக்கம் வரும்; கருவியின் பேனா அதைத் தாளில் முள்ளாக வரையும்; முள்ளின் உயரம் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்பதே தன் ஆராய்ச்சி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொண்டுவரும் தாளில் முட்களை நான் ஸ்கேல் வைத்து அளப்பேன், அவர் எழுதுவார். சக்கரத்தின் பல்லை அளந்து பழகிய கை ஆயிற்றே! சில இடங்களில் முள்ளே இல்லை. இருபது முப்பது துடிப்புகள் காணாமல் போய், திடீரென்று மறுபடி வந்தன. வேறு சில நட்சத்திரங்கள் இப்படி நிற்பதுண்டாம். இது நிற்பதாக யாரும் சொன்னதில்லை. மெஷின் கோளாறு, அந்த இடங்களை நீக்காவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவருடைய பேராசிரியர். மூன்று வருட உழைப்பு.

"மெஷின் செத்திருந்தா அடியில இருக்குற இந்தப் பொடிப் புல்லும் செத்திருக்கணுமில்ல? அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்குதே" என்றார் அக்கா. முள் இல்லாத இடத்திலும் பேனா வரையும் பொடி நெளிவுகளை, வானத்தின் பொது இரைச்சலைத்தான் அவர் புல் என்பார்.

தொலைவில் வேறோர் ஆண்டெனா அதே நேரத்தில் அதே நட்சத்திரத்தைப் பதிவுசெய்திருந்தது. அந்தத் தாளைக் கேட்டு எழுதினார். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. கூடத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து, ஓரங்களில் அரிசி டப்பாவும் குழவியும் வைத்தோம். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏனம்மா இது, கோலமா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். நேரக்குறிகளைப் பொருத்தி முழங்காலில் நகர்ந்தோம். எங்கள் தாளில் வெறுமையான இடத்தில் அதிலும் வெறுமை. அடுத்ததும். அதற்கடுத்ததும். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அதுவாத்தான் நிக்குது, பாப்பா. அதுவாத்தான்."

பேராசிரியர் தாள்களை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதுதாம்மா தப்பு" என்று கையெழுத்துப் போட்டாராம். அன்றைக்கு அவரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது துடிப்புகள் நேரே கணினிக்குள் போய்விடுகின்றன. மத்திகிரி வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அக்கா போய் நான்கு வருடமாகிறது. வைக்க இடமில்லை என்று அந்தத் தாள்களை யாரோ பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அளந்தவளிடம் ஒரு துண்டுகூட இல்லை.