கெளுத்தி வாயில் இருந்த கண்கள்

என் மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்கி அப்போது ஏழு மாதம். எங்கள் பக்கத்தில் கர்ப்பிணியின் கணவன் உயிரெடுக்கக் கூடாது, பாம்பைக்கூட அடிக்கமாட்டான். கடத்தூரில் மீன்கடை வைத்திருப்பவன் என்ன செய்வான்? தொட்டியில் துள்ளும் அணை மீனை நிறுத்திவிட்டு, ஐஸில் வரும் கடல் மீனை மட்டும் விற்றேன். செத்ததை வெட்டினால் பாவமில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பெரிய புத்திசாலி!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐஸ் பெட்டியில் ஒரு பெரிய கடல் கெளுத்தி வந்தது. தாடை தொங்கி, தொண்டை உப்பியிருந்தது. தலையை வெட்டியதும் வாயிலிருந்து கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் பலகையில் உருண்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள். எல்லாம் என்னையே பார்த்தன. ஒன்று மெல்லத் துடித்தது.

“அட கருமமே, பெத்ததையே தின்னுருக்குது பாருங்க! சீக்கிரம் வெட்டுங்க, வூட்டுல காத்துட்டிருக்காங்க” என்றார் மீன் வாங்க வந்தவர். முட்டைகளைக் கழிவு வாளியில் தள்ளிவிட்டு வயிற்றை அறுத்தேன். உள்ளே இரை ஒன்றுமே இல்லை. இரைப்பை சுருங்கிக் கிடந்தது.

மனசு கேட்கவில்லை. மீன் அனுப்பும் கடலூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

“அது தாய் இல்லப்பா, அப்பன். பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிடும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் ஆணுதான் வாயில வச்சிருக்கும். இரையே எடுக்காது” என்றார், சாதாரணமாக. நான் கழிவு வாளியைத் திரும்பிப் பார்த்தேன்.

போனை வைப்பதற்குள் மனைவி அழைத்தாள். “ஏங்க, காலையிலருந்து புள்ள அசையவே இல்லைங்க. பயமா இருக்குது.”

வண்டியை எடுக்க வேண்டியவன் வாளிக்குள் கைவிட்டேன். குடலையும் செதிலையும் துழாவி முட்டைகளைப் பொறுக்கினேன். “யோவ், பைத்தியமா புடிச்சிருக்குது?” என்று யாரோ கத்தினார்கள். கேரி பேக்கில் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பும் போட்டு, முட்டைகளை விட்டு, வண்டியில் மாட்டினேன். வீட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி சேரும்வரை அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

“இதென்னங்க?” என்றாள்.

“மீனு” என்றேன்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகுதான் துடிப்பு கேட்டது. “நல்லா இருக்குதும்மா. தூங்கிட்டிருந்திருக்குது.” மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் வெளியே வந்து பையைப் பார்த்தேன். கண்கள் எல்லாம் வெளுத்திருந்தன, ஒன்றும் துடிக்கவில்லை. ஐயோ என்று தோன்றவில்லை. நல்லவேளை, போனது இதுங்க, நம்ம புள்ள இல்ல என்றுதான் தோன்றியது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, தூக்கிக் கொஞ்சியும் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு அந்தப் பையைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.