பன்னிரண்டு வீட்டுக் குடங்களும் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ஞாயிறும்

மேடவாக்கத்தைத் தாண்டி இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் செவ்வாய், வியாழன் மாலைகளில் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிப்பவர்கள். மற்ற நேரமெல்லாம் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டுகிறேன், வீடு செம்பாக்கம். சென்ற டிசம்பரில் பரப்பளவு நடத்தும்போது ஏரியை உதாரணம் சொன்னேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஏரிக்கரையில் நடந்ததே இல்லையாம். இத்தனை ஏரி இருக்கிற பக்கத்தில்! “ஜனவரிக்குள்ள உங்களைக் கூட்டிட்டுப் போறேன், படகு, கயிறு ஏறுறது எல்லாம் உண்டு” என்று வாயை விட்டுவிட்டேன்.

படகுக்கும் கயிறுக்கும் விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும். இணையத்தில் தேடினால் முகாம்களுக்குக் குறைவில்லை, ஆனால் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்தும் அமைப்புகளைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பெரும்பாலானவர்களுக்கு விளம்பரம் செய்ய நேரமில்லை. ஒருவரைக் கேட்டு அவர் இன்னொருவரைக் காட்டித்தான் போய்ச் சேர முடிகிறது.

முதலில் கிடைத்தது செம்பாக்கம் ஏரியில் பறவை பார்க்கும் நடை. சனிக்கிழமை காலை 6.30, செலவே இல்லை, பைனாகுலரும் அவர்களே தருவார்கள். என் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிடம். பூரித்துப் போனேன். அந்தச் சனிக்கிழமை நானும் நடையை நடத்தும் தன்னார்வலரும் 7.15 வரை கரையில் நின்றோம். வந்தது இரண்டே பேர். தன்னார்வலர் அந்த இருவருக்கும் நாமக்கோழி காட்டினார். மறுநாள், சொல்லாமல் வராத குழுவுக்கு இந்தப் பருவத்தில் மறுபடி இடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, காத்திருக்கும் குழுக்கள் எத்தனையோ.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பிடிபிடியென்று பிடித்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வந்த இருவரும்கூட.

ஜனவரி முடிய ஒரு வாரம் இருந்தபோது கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையின் எண் கிடைத்தது. பேசியவர் பெயர் ஜெபா, ஒருங்கிணைப்பாளர். எத்தனை பேர், என்ன வயது என்று கேட்பார் என நான் தயாராக இருக்க, அவருடைய முதல் கேள்வி வேறு.

“அக்கா, உங்க ஏரியாவுல தண்ணி லாரி என்னைக்கு வருது?”

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாகப் போய்வருகிறேன், தெரியவில்லை.

“கேட்டுட்டுக் கூப்பிடுங்க. அப்புறம் தேதி போடலாம். நானும் லைன்ல நின்ன ஆளுதான்க்கா.”

உடனே மும்தாஜ் அக்காவை அழைத்தேன். என்னிடம் படிக்கும் ரஸியாவின் அம்மா. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர்.

“இன்னா மிஸ், இது கூடத் தெரியாதா? பொதங்கெழம, சனிக்கெழம. காலீல ஆறு மணிக்கு வந்துரும். இவளுங்க அம்மாங்கல்லாம் அந்நேரம் மேடவாக்கத்துல அபார்ட்மெண்டு வேலைக்குப் பூட்டிருப்பாங்க. புள்ளைங்கதான் நின்னு புடிக்கணும்.”

பறவை பார்க்க நான் வரச் சொன்னதும் சனிக்கிழமை காலைதான். அடுத்த வகுப்பில் ரஸியாவிடம், “ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லியே மிஸ். திட்னீங்க.”

பன்னிரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். லாரி வராத நாளாகப் பார்த்து ஜெபா அந்த வார ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். அதை விட்டால் ஆண்டுத் தேர்வு முடியும்வரை இடம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு காலை 6.20க்குக் குடியிருப்பை அடைந்தேன். கீழே தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் லாரி ரிப்பேராம், வரவில்லை, இன்று வந்துவிட்டது. வரிசையில் பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையும் சுடிதாருமாக என் பிள்ளைகள், ஆளுக்கு ஆறு குடத்தோடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடத்தை வைத்து இடம் பிடிக்கலாம், ஆனால் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் குடத்தை ஓரம் தள்ளிவிடுவார்கள். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. அவரவர் வேலைக்கே நேரம் போதாது. பேருந்து 6.45க்கு. இந்தத் தடவை நான் யாரையும் திட்டவில்லை. ரஸியா என்னைப் பார்த்து, “நீங்க போங்க மிஸ், பரவால்ல” என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மும்தாஜ் அக்கா அளவு டேப் கழுத்தில் தொங்க மாடியிலிருந்து இறங்கி வந்தார். வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

“இந்தப் பன்னெண்டு வூட்டுக் கொடமும் இன்னிக்கி என்னுது. எவளாச்சும் நவத்துனீங்க, அப்பறம் இருக்கு! ஏய், நீங்கல்லாம் கெளம்புங்கடி.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லி இழுத்துக்கொண்டார். நானும் ஒரு குடம் பிடித்துப் பாதியைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன். “மிஸ், நீங்க போனாலே எங்களுக்கு ஒத்தாசதான்” என்று அக்கா என்னை விரட்டிவிட்டார்.

7.10 பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எங்கள் பதின்மூன்று பேருக்கும் செலவில்லை. தாம்பரம் 7.55. மின்ரயிலில் கூடுவாஞ்சேரிக்கு ஆளுக்கு 5 ரூபாய், இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, அட்டவணையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு ஷேர் ஆட்டோ, தலைக்கு 20.

“இன்னா மேடம், ஸ்கூல் டூரா? பஸ்ஸு எங்க?” என்றார் ஓட்டுநர்.

“தண்ணி புடிக்கப் போயிருக்குண்ணா” என்றாள் ரஸியா. சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது.

அரை மணி தாமதம். ஜெபா வாசலில் நின்றிருந்தார். காரணம் சொல்ல வாயெடுத்தேன். “இட்லி ஆறலக்கா, வாங்க” என்றார், அவ்வளவுதான். ஏரியை ஒட்டி ஒரு தோப்பு, இரண்டு கொட்டகை, சுத்தமான கழிப்பறை. முற்பகல் கயிறு ஏறினார்கள்; மதியம் அவர்களே விறகடுப்பில் தக்காளிச் சாதம் செய்தார்கள்; பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டு இரண்டிரண்டு பேராகப் படகு. நடு ஏரியில் ரஸியா துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்து, “இவ்ளோ தண்ணி மிஸ், ஒரு கொடம் கூட இல்ல” என்று சிரித்தாள். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஜெபாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிள்ளைகள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

இதுபோல அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு: ஏரி காக்கும் குழுக்களையும் அரசுப் பள்ளி ஆசிரியர்களையும் கேளுங்கள், அவர்களுக்கு இந்த அமைப்புகளைத் தெரியும். முதலில் நீங்கள் மட்டும் போய் இடத்தைப் பாருங்கள். நீர் விளையாட்டு என்றால் பயிற்சி பெற்றவர் யார் என்று கேளுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் என்றைக்கு வருகிறது என்று கேளுங்கள்.

மாலை 6.40க்குத் திரும்பினோம். மாடிப்படி ஏற ஏற ஒவ்வொரு வாசலிலும் ஆறு குடம், தட்டு போட்டு மூடி. மும்தாஜ் அக்கா குடம் தூக்கிச் சிவந்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதைக் கடைசிவரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மிஸ், அம்மாங்கள இந்த மாரி கூட்டிக்கினு போற எடம் எதுனா கீதா?”

எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை கேட்கத் தெரிந்திருந்தது. அங்கேயே நின்று ஜெபாவுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன்: “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா. தாராளமா கூட்டிட்டு வாங்க. தண்ணி வராத நாளா பார்த்துச் சொல்லுங்க.”

மும்தாஜ் அக்கா எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“எந்த நாளுன்னாலும் சரின்னு போடுங்க மிஸ். லாரி வந்தா இவளுங்க புடிப்பாளுங்க.”