எல்லா எதிரிக்கும் ஒரே பெயர்

பொம்மனஹள்ளியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர். பகலில் வேலை தேடுகிறவர்கள் வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பையன்கள். அவர்களுக்காகத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் தப்பு. பிள்ளை பெற்றவர்களுக்கும் பிள்ளைகளை நம்பிக் கடை போட்டவர்களுக்கும் மீதி புரியும்.

பெயர் சூட்டல்

அந்த விளையாட்டில் வரும் எதிரிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். பையன்கள் முதலில் கணக்கு வாத்தியார் பெயரை வைத்தார்கள். பிறகு பஸ் கண்டக்டர். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒருநாள் பார்த்தால் ஆறு திரையிலும் எல்லா எதிரிக்கும் ஒரே பெயர். பிரபு. அவர்கள் வகுப்புப் பையன். ஒல்லி, கொஞ்சம் திக்குவாய். ஒவ்வொரு தடவை சுட்டதும் ‘பிரபு செத்தான்’ என்று திரையில் வரி ஓடும், ஆறு பேரும் கத்துவார்கள். “எல்லாருக்கும் ஏண்டா ஒரே பேரு?” என்றேன். கூட்டத்துக்குத் தலைவன் கிரண், ஒன்பதாம் வகுப்பு, திரும்பாமலே சொன்னான்:

“ஒரு பிரபுன்னா ஒரு தடவைதான் அங்கிள் சாவான், போரடிக்குது.”

யூனிஃபார்மில் ஒருவன்

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு அந்தப் பிரபுவே என் கடையில் வந்து உட்கார்ந்தான். யூனிஃபார்ம், பை, முழங்கையில் கட்டு. மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் அதட்டினேன். படிக்கட்டில் தள்ளிவிட்டார்களாம். விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டுவது தினமும் உண்டாம். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றான். காரணம் கேட்டேன்.

“கிளாஸுக்குள்ள போனா எல்லாரும் ஒ... ஒரே நேரத்துல சுடறாங்க அங்கிள்.”

துடைப்பு வேலை

பையன்களைத் துரத்தியிருக்கலாம். அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள், அங்கேயும் பிரபுதான் சாவான். என் கடையில் ஆரம்பித்தது, என் கடையிலேயே முடிய வேண்டும். விடுவதாயில்லை.

ஆறு கம்ப்யூட்டரிலும் விளையாட்டை அழித்தேன். மறுநாள் டிபன் பாக்ஸில் சிடி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். மறுபடி அழித்தேன். மறுபடி போட்டார்கள். நாலு நாள் இதே கூத்து. மூலையில் பயோடேட்டா அடித்துக்கொண்டிருந்த ஹாசன் ஊர்க்காரப் பையன் ஒருவன் பொறுக்க முடியாமல் சொன்னான்:

“விடுங்க சார், நீங்க அழிக்கிறதைவிட அவங்க போடறது ஃபாஸ்ட்.”

அப்பா

கிரண் வீட்டுக்கே போனேன். அப்பா ஹெப்பகோடி ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், பிரபுவின் கட்டுப் போட்ட முழங்கையைப் பற்றியும் சொன்னேன்.

“கேம்தானே சார், நிஜமாவா சுட்டுட்டான்?”

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலி

கடைசியாகப் பிரபுவின் அம்மா ரத்னம்மாவிடம் சொன்னேன். கார்மென்ட்ஸில் டெய்லர். மகன் பள்ளிக்கூடம் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வேலை விட்டு நேராக வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, புடவையெல்லாம் நூல் பிசிறு. கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து கிரண் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வீட்ல இட்லி தின்னவன்தானே நீ? பேரு எங்கப்பா போடணும்?”

காட்டினான்.

“பிரபுவை எடு. என் பேரைப் போடு. எல்லாத்துக்கும்.”

போட்டான்.

“இப்ப சுடு.”

கை நகரவில்லை. “ஆன்ட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி.”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. சுடு, பாக்கறேன்.”

மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவனாக எழுந்து செருப்பைத் தேடினார்கள். அந்த அம்மா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். அதே நாற்காலி, மடியில் சாப்பாட்டுப் பை. மூன்றாம் நாள் கிரண் தானே விளையாட்டை அழித்தான். திங்கட்கிழமை பிரபுவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். ஏண்டா சுடவில்லை என்று பிறகு கேட்டேன்.

“பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்காங்க, எப்படி அங்கிள் சுடறது?”

கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, நாலு நாள் துடைத்த கையும் என்னுடையது. ஆட்டத்தை நிறுத்தியது மட்டும் ரத்னம்மா.