சாமி நடக்கும் தடத்தில் நாங்கள் கட்டிய மதில்

பெரியண்ணசாமியை நம்பி வாழும் என் சொந்தங்களே, எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த அன்றைக்கு எங்கள் தலைக்கு மேல் மழையே இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கண்ணால் கண்டவள் நான்.

என் பெயர் செல்லம்மாள். கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் ஓடையோரம் எங்கள் வீடு. மரவள்ளியும் மிளகும்தான் பிழைப்பு. சனி, ஞாயிறுகளில் வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வருகிறவர்களிடம் மிளகும் அன்னாசியும் விற்பேன். போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் மரத்தில் கிளை கழிக்கப் போய்க் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, கட்டிலோடு கிடந்தார். தானாக ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் சோற்றையும் தண்ணீரையும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினேன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் எங்கள் மதிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு தடம் இறங்கும். அதில் யாரும் உழ மாட்டார்கள், எதையும் நட மாட்டார்கள். அடைமழைக் காலத்தில் பெரியண்ணசாமி அந்த வழியாகத்தான் இறங்கி நடப்பார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அது எங்கள் பட்டா நிலத்துக்குள்தான் வருகிறது. காட்டுப்பன்றி வந்து மரவள்ளியை நோண்டிப் போடுகிறதே என்று சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரர் கீழ்ப்பக்கம் முழுக்க மதில் எழுப்பினார். தடத்தையும் மறித்துத்தான்.

ஊரில் வேண்டாம் என்றார்கள். ஆனால் அவரும் சாமிக்குப் பயந்தவர்தானே! தடம் மதிலைத் தொடுகிற இடத்தில் ஒரு விளக்கு மாடம் வைத்துவிட்டார். வழியை மறித்ததற்குப் பதிலாகச் சாமிக்கு ஒரு இடம் கொடுத்தாயிற்றாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மாடத்தில் விளக்கு வைத்தேன்.

அதே காலத்தில்தான் பேங்க்கில் ஒரு மேடம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னார். தீ, இடி, வெள்ளம் எல்லாம் அதில் சேரும், மதிலையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மலை மேல வெள்ளம் வந்தா, கீழ நாமக்கல் என்னாவறதுங்க மேடம்?" என்றார்.

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். ஆனாலும், மலையில் தண்ணீர் தேங்காது, ஓடும், ஓடுகிற தண்ணீருக்குத்தான் வேகம் அதிகம் என்றார். எனக்கு அது மனதில் தைத்தது. நான் பிடிவாதமாக நின்று போட வைத்தேன். வருடா வருடம் நான்தான் மறக்காமல் கட்டி வந்தேன். அவர் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மினி பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்போதும் வெயில்தான். ரோட்டில் நாலைந்து பேர் நின்று பள்ளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். லாரி ஏதோ மேடு ஏறுகிறது என்று நினைத்தேன், அப்படி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் போகும் தரைப்பாலத்தைக் காணவில்லை. செம்மண் தண்ணீர் மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு போனது. மேலே காட்டில் எங்கோ கொட்டிய மழை, எங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் காட்டாமல் இறங்கியிருக்கிறது.

ஓடை மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. மேலே வளைவில் கரையை மீறி, அந்தச் சாமித் தடத்தின் வழியாக நேராக எங்கள் வாசலுக்குள் பாய்ந்தது. பாய்ந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. எங்கள் மதில்தான் மறித்து நின்றதே! அணைக்கட்டு போல வாசலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. சமையல்கட்டு ஜன்னலின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு கை தெரிந்தது. என் வீட்டுக்காரர் கை.

எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீருக்குள் இறங்கப் போனேன். பக்கத்துக் காட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார்.

"எறங்காத கண்ணு. நீயும் போயிருவ" என்றார்.

அப்படியே ரோட்டில் மண்டி போட்டேன். மாடம் இருந்த பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"பெரியண்ணா, உன்ற தடத்த நீயே எடுத்துக்க சாமி. என்ற மனுசன உட்டுரு."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டமார் என்று ஒரு சத்தம். பொன்னுசாமி அண்ணன் என் முகத்தைத் தன் துண்டால் மூடினார். வீடு விழுந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். துண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். வீடு நின்றது. மதில்தான் இடிந்திருந்தது. அதுவும் முழு மதில் இல்லை. மாடம் இருந்த இடம் மட்டும் வாசற்கதவு அகலத்துக்குப் பிளந்திருந்தது. தேங்கிய தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் பள்ளத்துக்கு ஓடியது. பார்க்கப் பார்க்க ஜன்னலை விட்டு இறங்கி, படிக்கட்டு தெரிந்தது.

ஓடை வடிந்ததும் ஆட்கள் கயிறு கட்டி என்னைக் கூட்டிப் போனார்கள். கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னல் மேடையில் அவர் உடம்பைச் சாய்த்து, கம்பியை விடாமல் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து வரைக்கும் வந்ததாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாடந்தான உடைஞ்சுது, புள்ள?"

தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகை நிற்கவில்லை.

மறுநாள் பேங்க் மேடத்துக்குப் போன் செய்தேன். சேற்றைக் கழுவும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுக்கச் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மாடத்துக்காகக் குடைந்ததால் அந்த இடத்தில் மட்டும் மதில் மெலிந்திருந்தது, அதனால்தான் அங்கே உடைந்தது என்றார். அந்தத் தடம் ஓடையின் பழைய வழி, ஏரிக்கரைதான் வெள்ளம் வரும் இடம் என்று நினைக்கக் கூடாது, ஒரு காலத்தில் தண்ணீர் போன வழியெல்லாம் அதற்குச் சொந்தம் என்றார். எனக்கு அவரோடு சண்டை இல்லை. அவர் தண்ணீர் என்கிறார், நாங்கள் சாமி என்கிறோம். ஆனால் அந்த மாடத்தை அங்கே வைக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் மனதில் புகுந்தது யார்? நான் மண்டி போட்டுக் கத்தும் வரைக்கும் அந்தச் சுவரைப் பிடித்து நிறுத்தியது யார்?

வீட்டுச் சுவர், தரை, மதில் எல்லாவற்றுக்கும் கம்பெனி கொடுத்தது. கட்டில், பீரோ, டிவிக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பாலிசியில் கட்டடத்தை மட்டும் எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்க்காதது என் குறை. இப்போது சாமானையும் சேர்த்துவிட்டேன்.

மதிலுக்கு வந்த பணத்தில் தூண் போட்டு இன்னும் பலமாகக் கட்டு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாக மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பணத்தில் மேல் வளைவில் தடத்துக்கு வழி விட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் கரையைக் கல் வைத்துக் கட்டினோம். பிளந்த இடம் பிளந்தபடியே இருக்கிறது. பன்றி வருகிறது. வரட்டும்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூ போட்டுச் சாமியிடம் உத்தரவு கேளுங்கள், நல்ல நாள் பாருங்கள். அதோடு இந்த இடத்தில் மழைக்காலத்தில் எது நடந்து போகும் என்று ஊரில் நாலு பேரைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் பேப்பரில் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நம்பிக் கூப்பிடுங்கள், அவர் வருவார். வருகிற வழியை மட்டும் அடைத்து வைக்காதீர்கள்.

இந்த ஐப்பசியிலும் தண்ணீர் வந்தது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தடத்தோடு இறங்கி, பிளவின் வழியாகப் போனது. என் வீட்டுக்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"போயிட்டு வாங்க சாமி" என்றார்.