நயினார் வாங்கிய ஏழரைக் குதிரை

போன வாரம் வீட்டுக்கு ஒரு நல்லெண்ணெய் டின் வந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்து மூடியில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. குலுக்கினேன், முதுகில் தட்டினேன், கடைக்காரன் பாதி டின்தான் கொடுத்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், “எதுத்தாப்புல இன்னொரு ஓட்ட போடுங்க. காத்து உள்ள போனாத்தான எண்ண வெளிய வரும்” என்றாள். போட்டேன். வந்தது. இதே பாடத்தை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஓர் ஏரியின் நடுவில், நீச்சல் தெரியாமல் உட்கார்ந்து நான் படித்தது அவளுக்குத் தெரியாது. படித்ததை மறந்துவிட்டேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு நெல் மண்டியில் நான் கணக்குப்பிள்ளை. முதலாளி சமணர். எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்போம். எங்கள் நயினார் உலகத்தில் ஒருவரையும் நம்பாதவர். அவரைக் குறை சொல்ல முடியாது. மூட்டை வாங்கி வாங்கி வந்த குணம் அது. மூட்டையின் வாயில் எப்போதும் நல்ல நெல்தான் இருக்கும், பதரும் கல்லும் அடியில் இருக்கும். அதனால் கையில் ஒரு குத்தூசி வைத்திருப்பார். மூட்டையின் அடிவயிற்றில் குத்தி, வந்து விழும் நாலு நெல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு. என்னை வேலைக்கு எடுத்த அன்றும் அப்படித்தான் மேலும் கீழும் பார்த்தார், எங்கே குத்தலாம் என்று.

அவருடைய நிலம் ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கு அக்கரையில் இருந்தது. ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நீங்கள் போய்ப் பார்த்தால் என்னைப் பொய்யன் என்பீர்கள். தை மாதம் அறுப்பு நடக்கும்போது ஏரி நிரம்பி, உபரி நீர் கலங்கல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்; சுற்றுவழி முழுக்கச் சேறு. படகை விட்டால் வேறு வழியில்லை. முனுசாமி என்பவர் கழி ஊன்றி ஓட்டுவார். எதிர்க்காற்று அடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நயினாருக்குப் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, அது அவர்கள் மதத்து வழக்கம். ஆனால் கடைசி மூட்டை தைத்து முடியும்வரை களத்தை விட்டு நகரவும் மாட்டார், ஆட்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. களத்துத் தூசியோடு உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பதும் அவருக்கு ஆகாது. போதாக்குறைக்கு எங்கள் ஊர்ச் சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் போகிறவன். மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே மறைந்துவிடுவான். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரம்வரை சாப்பிடலாமே என்பது அவர் வீட்டம்மாவின் கட்சி. நயினார் பஞ்சாங்கத்தையும் நம்பாதவர். “கண்ணுக்குத் தெரிலன்னா பூட்டான்னு அர்த்தம்” என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அறுபது வயசு. வாரத்தில் நாலு நாள் இப்படி. ஒரு நாள் களத்திலேயே தலைசுற்றி விழுந்துவிட்டார். வீட்டம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: “பொழுதோட வூட்டுக்கு வாங்க. முடிலன்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுடுங்க.”

குத்தகைக்கு விட்டால் குத்தகைதாரனை நம்ப வேண்டுமே. அதைவிடப் படகுக்கு ஒரு மோட்டார் வாங்குவது சுலபம் என்று நயினார் முடிவு செய்தார். புதுச்சேரியில் பழசு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“உனக்கு இஞ்சின் தெரியுமாடா?” என்று கேட்டார்.

“தெரியுங்க நயினாரே” என்றேன். பக்கத்து வீட்டுக் கிணற்று ஆயில் இஞ்சினுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு. பஸ் திண்டிவனம் தாண்டும்வரை அதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். தாண்டிய பிறகு சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உப்பும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் பழைய ஸ்கூட்டர் ஏதாவது புகையைக் கக்கிக்கொண்டு போனால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். அருளப்பன் என்று ஒரு பெரியவர், கப்பலில் இஞ்சின் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர். மரச்சட்டத்தில் மோட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்.

“மூணு எச்.பி. உங்க ஏரிக்குப் பத்தாது. பதினெட்டு மாட்னா படகு தாங்காது. ஏழர சரியா இருக்கும்” என்றார்.

“ஏழரையா?” என்றார் நயினார். வீட்டுக்குள் சனியனை அழைத்துப் போகச் சொன்னது போல அவர் முகம் போயிற்று. “எட்டு இல்லியா?”

“அப்டி வராதுங்க.”

ஏழரையில் இரண்டு இருந்தன. முன்னால் ஒன்று, நீல பெயிண்ட் அடித்துப் பளபளவென்று. பின்னால் கோணி போர்த்தி ஒன்று, சாம்பல் நிறம், அங்கங்கே தோல் உரிந்து. நயினார் நீலத்தின் பக்கம் போகவே இல்லை. மூட்டையின் வாய் அது. என்னைப் பார்த்தார். நான் நிபுணன் இல்லையா? குனிந்து காற்றாடியை ஒரு சுற்றுச் சுற்றி, காதைக் கொடுத்துக் கேட்டு, “ம்” என்றேன். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட என்னைவிட யோக்கியர்கள்.

அருளப்பன் சிரிக்கவில்லை. நீல மோட்டாரின் அடியில் ஒரு திருகைக் கழற்றினார். மோர் மாதிரி வெள்ளையாக எண்ணெய் சொட்டியது. “பாத்தீங்களா, கீழ பல்சக்கரத்துல தண்ணி எறங்கியிருக்குது. இத நான் உங்களுக்குத் தர மாட்டேன்.”

நயினார் என்னைத் தனியாக வாசலுக்கு இழுத்துப் போனார். “தன் சரக்குல இருக்குற குத்தத்த தானே சொல்றான். அப்போ இன்னொண்ணுல இன்னாவோ பெருசா மறைக்கிறான்.”

“ஆமாங்க” என்றேன். சந்தேகப்படுவதற்கு இஞ்சின் தெரிந்திருக்க வேண்டாம் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

சாம்பலைக் கேட்டோம். “அது விக்கறதுக்கில்ல, நான் மீன் புடிக்கப் போறது” என்றார் அருளப்பன். நயினாரின் கண் விரிந்தது. விற்க மாட்டேன் என்று ஒருவன் சொல்லும் பொருளைப் போல அவருக்குப் பிடித்தது உலகத்தில் வேறொன்றுமில்லை. ஒரு மணி நேரம் விடவில்லை. குத்தூசியை மோட்டாரின் ஒவ்வொரு துவாரத்திலும் விட்டு எடுத்து முகர்ந்தார். கடைசியில் பெரியவர் களைத்துப்போய், கொடுக்கச் சம்மதித்து, அதை ஒரு தண்ணீர் பீப்பாயில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பின்னால் தண்ணீரைத் துப்பியது. அடி எண்ணெய் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

“மூணு விஷயம்” என்றார் என்னிடம். “தண்ணி இல்லாம ஓட்டாத. பெட்ரோல்ல எண்ண கலக்காம ஊத்தாத. டேங்கு மூடி மேல இந்தச் சின்னத் திருகு இருக்குது பாரு, ஓட்டுறப்ப இதத் தொறந்து வை.”

முதல் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவதை எழுதவில்லை. பெட்ரோலைத் திறந்து வைக்கச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

வந்து மாட்டியதும் மூன்று நாள் ராஜபோகம். கால் மணி நேரத்தில் இக்கரை. முனுசாமியே திருகைத் திறப்பார், மூடுவார். வெயில் இருக்கும்போதே நயினார் குளித்துச் சாப்பிட்டு, மண்டி வாசலில் ஏப்பம் விட்டார். வீட்டம்மா எனக்கு ஒரு தூக்கு நிறைய பாயசம் கொடுத்தனுப்பினார். நிபுணனுக்கு.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. பெட்ரோல் நான் நினைத்ததைவிட வேகமாகக் குறைந்தது. மோட்டார் அவ்வளவு குடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முனுசாமியின் வேட்டியில் பெட்ரோல் வாசனை அடித்தது. பெட்ரோல் ஊற்றுகிறவர் மேல் மல்லிகைப்பூவா மணக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. திருடி விற்கிறார் என்றே முடிவுகட்டினேன். ரிஜிஸ்தர் தபாலுக்கு வைத்திருந்த அரக்கை எடுத்துப் போய், டேங்கை நிரப்பி, திருகை இடுக்கியால் இறுக்கி, மூடியோடு சேர்த்து மேலே அரக்கு ஊற்றி, மண்டி முத்திரையை அழுத்திவிட்டேன். பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் மெழுகுவத்தி கொளுத்தியவன் இன்னும் உயிரோடு உட்கார்ந்து உங்களுக்குக் கதை சொல்கிறான், பாருங்கள். முனுசாமி பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நான் குற்றவாளியின் மௌனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நடு ஏரியில் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். கரை சேர்வதற்குள் சூரியன் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மோட்டாரின் கனம் வேறு சேர்ந்ததால் கழியில் போவதும் முன்னைவிட மெதுவாகிவிட்டது. மூன்று நாள் பட்டினி. பாயசத் தூக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார் வீட்டம்மா.

“விக்க மாட்டேன்னு சொன்னதே தந்திரம்டா” என்றார் நயினார். “நாளன்னிக்கிப் புதுச்சேரி போறோம். நீ கூட வந்து, இஞ்சின் தெரிஞ்சவன்னு சாட்சி சொல்லு.”

நாலாவது நாள். காற்று பலமாக இருந்தது. அதே இடம், அதே இருமல், நின்றது. படகு மெல்லக் கலங்கல் பக்கம் ஒதுங்கியது. நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன். நயினாருடைய தீர்த்தங்கரர்களையும் சேர்த்து, பாரபட்சமில்லாமல். எதிரே ராஜகிரியின் உச்சியில் சூரியன் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தான். நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பசி.

ஒதுங்கிய இடம் கழி எட்டாத ஆழம். முனுசாமி துடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “கணக்குப்புள்ள, அந்த அரக்க எடுத்துட்டுத் திருகத் தொறந்தா ஓடும்.”

“எந்த அரக்கு?” என்றார் நயினார்.

நயினார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். டேங்கின் உச்சியில் சிவப்பாக, அழகாக, அவருடைய கடை முத்திரையே அவரைப் பார்த்துச் சிரித்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று முனுசாமியைக் கேட்டார்.

“மொத நாளே தெரியுங்க. காத்து போவலன்னா பெட்ரோலு எப்டி எறங்கும்?”

“ஏன்யா ஒடைக்கல?”

“முத்திரைய நான் ஒடைச்சா திருடன் ஆயிடுவேங்க. ஒடைக்கலன்னா மோட்டாருக்குத்தான் கெட்ட பேரு.”

நயினார் குத்தூசியை என்னிடம் நீட்டினார். அரக்கைப் பெயர்த்துத் திருகைத் திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று டேங்க் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது. முனுசாமி கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு.

கரை சேரும்போது மலைக்கு இந்தப் பக்கம் சூரியன் இல்லை. மேலே வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. நயினார் கரையில் காத்திருந்த வண்டியில் ஒரு காலை வைத்தவர் ஏறாமல் நின்றார். என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. களத்து ஆட்களை நம்பாதவர், புதுச்சேரிக்காரரை நம்பாதவர், பஞ்சாங்கத்தையே நம்பாதவர், மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த முனுசாமியைக் கேட்டார்: “பொழுது பூட்சாய்யா?”

முனுசாமி மலையைப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

“இன்னும் போவலீங்க நயினாரே. மலைக்கிப் பின்னால நிக்குது. போய் சாப்டுங்க.”

நயினார் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் முத்திரை என் மேஜையிலிருந்து அவருடைய பெட்டிக்குப் போய்விட்டது. எனக்குத் தண்டனை, மூன்று நாள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. இரண்டு நாள் ஒழுங்காக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு வாழைப்பழம் தின்றேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஏரியைச் சுற்றித் தார் ரோடு வந்தது. மோட்டாரை யாரோ வாங்கிப் போனார்கள். நயினார் போனார், முனுசாமியும் போனார். ஏரியில் பாதி மேடாகி வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். சென்ற மாசி மாதம் அந்தப் பக்கம் போனபோது, படகு நடுவில் நின்றுபோன இடம் என்று நான் கணக்குப் போட்ட இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தான்.

“பொழுது போயிடுச்சா?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஆறு அஞ்சு” என்றார்.